துக்க முக்கோணம்

புருவங்கள் இரண்டுக்கும் நடுவே விழும் சுருக்கத்தைச் சௌந்தரிய வியாபாரிகள் 'துக்க முக்கோணம்' என்று வழங்குவதுண்டு. அந்தப் பெயரையே தமது திரைப்படத்துக்கு நாமகரணம் செய்து, ஸ்வீடன் தேசத்து இயக்குநர் ரூபன் ஒஸ்ட்லண்ட், 2022ஆம் ஆண்டு கான் விழாவில் தங்கப் பனை விருதை இரண்டாம் முறையாகப் பெற்றார்.

உரம் விற்றுக் குபேரரான ருஷ்யர் ஒருவரும், கையெறி குண்டு தயாரித்துச் செல்வம் சேர்த்த, பார்வைக்குப் பரம சாதுக்களான ஆங்கிலத் தம்பதியரும் உல்லாசப் பிரயாணம் செய்கின்ற கப்பலிலே, அமெரிக்கரான கப்பல் தலைவர் மதுவில் மூழ்கி மார்க்ஸை எடுத்தோத, பொதுவுடைமை ஆட்சி கண்ட நாட்டு ருஷ்யரோ முதலாளித்துவத்துக்காக வாதாடுகிறார். புயலுக்கிடையே அங்கு நடக்கும் ராஜபோக விருந்து என்ன கதியாயிற்று என்பதை, நேயர்கள் உணவருந்திக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், விவரிக்காமல் விடுகிறேன். கப்பல் வெடித்து, எஞ்சியவர்கள் தீவொன்றில் ஒதுங்கியபோது, மீன் பிடிக்கவும் தீ மூட்டவும் அறிந்தவள் கழிவறை சுத்தம் செய்துவந்த பிலிப்பைன்ஸ் மாது அபிகெய்ல் ஒருத்தியே ஆகையால், ஆட்சி அவள் கைக்குப் போகிறது. அவ்வேடத்தில் டாலி டி லியான் மற்றெல்லோரையும் விஞ்சிவிடுகிறார். இறுதிப் பகுதி சற்று நீளந்தான்.

படத்தில் காணும் 'கிறிஸ்டினா ஓ' என்ற அக்கப்பல், முன்பு கிரேக்கக் கோடீஸ்வரர் அரிஸ்டாட்டில் ஒனாசிஸின் சொத்து. அதற்கும் முன், இரண்டாவது உலக யுத்தத்தில், கனடாவின் போர்க்கப்பல்.