1987 ஜூலை 1-க்கு முன்பா, பின்பா?

அமெரிக்காவில் பிறக்கும் பிள்ளைகளின் குடியுரிமையைச் சுருக்க 2025 ஜனவரி 20-இல் ட்ரம்ப் போட்ட உத்தரவைப் பற்றிக் கோவில்பட்டி டீக்கடையிலும் பேசுகிறார்கள். அதே காரியத்தை நம் நாடு 1987-லேயே செய்துவிட்டது என்பது பலருக்குத் தெரியவில்லை.

எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தி அகதிகள் முகாம் போன்ற இடங்களில், குடியுரிமை கேட்டு மனு எழுதும் இலங்கைத் தமிழர்களே, முதலில் உங்கள் பிறந்த தேதியைப் பாருங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் நீங்கள் இந்தியர்தான். இருப்பதை ஏன் கேட்டு மனு எழுதுகிறீர்கள்? 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. அவருக்கு உதவியது பிறப்புச் சான்றிதழ்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்குத் தாய், தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. தாய் உள்ளூர்க்காரி என்றாலும், தகப்பன் உரிய ஆவணமின்றி வந்த அகதி என்றால் இங்கேதான் சிக்கல். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு 2025-இல் மத்திய அரசு தந்த விலக்கு, விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து காப்பது, குடியுரிமை தருவதல்ல. இரண்டையும் குழப்பாதீர்கள்.

ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது. திரும்பவும் சொல்கிறேன், ஆகாது. பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும். அதைப் பிறந்த ஊரில்தான் கேட்க வேண்டும்: மண்டபத்தில் பிறந்தவருக்கு மண்டபத்தில், கோவில்பட்டியில் அல்ல. பதிவே இல்லையென்றால், பதிவு இல்லை என்ற சான்றை அந்த ஊர்ப் பதிவாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். "ரெக்கார்டு இல்லை, நாளைக்கு வா" என்ற வாய்ப்பதிலோடு திரும்பாதீர்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய அந்தப் பகுதிக் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். கரிசல் கிராமத்தில் வீட்டில் பிறந்து பதிவாகாதவர்களுக்கும் இதே வழிதான்; இங்கே அது கோவில்பட்டி ஆர்.டி.ஓ. அலுவலகம். அங்கே இழுத்தடித்தால் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு.

தரகரிடம் மட்டும் போகாதீர்கள். பொய்ச் சான்றால் எடுக்கும் பாஸ்போர்ட் சிறையில் கொண்டுபோய் விடும், உண்மையாகவே இந்தியரானவரையும்கூட.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான ஒரே சான்று பிறப்புச் சான்றிதழ்தான். 21 நாளுக்குள் பதிந்தால் காசில்லை. பேர் வைப்பது தள்ளிப்போனாலும் பதிவைத் தள்ளாதீர்கள். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.