அன்சாக் தினம்: தோல்வியில் முடிந்த படையிறக்கத்தின் நினைவு

ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ஆம் தேதியை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அன்சாக் தினமாகக் கடைப்பிடிக்கின்றன. 1915-இல் அதே நாள் விடியற்காலையில் இவ்விரு நாட்டுப் படைகளும் துருக்கியின் கலிபோலி தீபகற்பத்தில் தரையிறங்கின. ‘ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைப்பிரிவு’ என்பதன் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமே அன்சாக். எட்டு மாதம் நீடித்த அந்தப் போர் தோல்வியில்தான் முடிந்தது. இருந்தும் அந்நாடுகளின் நாட்காட்டியில் இதைவிட உருக்கமாக நினைக்கப்படும் நாள் வேறில்லை.

முதல் உலகப் போரில் உதுமானியப் பேரரசு ஜெர்மனியின் பக்கம் நின்றது. அதன் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளுக்கும் (இன்றைய இஸ்தான்புல்) அதற்கப்பால் கருங்கடலுக்கும் போகும் ஒரே கடல்வழி டார்டனெல்ஸ் நீரிணை. அதைக் கைப்பற்றினால் துருக்கியைப் போரிலிருந்து விலக்கலாம், ரஷ்யாவுக்கும் உதவி அனுப்பலாம் என்பது பிரிட்டிஷ் கடற்படை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் முன்னின்று வலியுறுத்திய திட்டம். 1915 மார்ச் 18 அன்று பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் நீரிணைக்குள் நுழைந்தன. கண்ணிவெடிகளில் சிக்கி மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கவே, முயற்சி கைவிடப்பட்டது. கடல்வழி கைகொடுக்காததால் தரைப்படையை இறக்க முடிவானது. ஒரு மாத இடைவெளி, தற்காப்பைப் பலப்படுத்திக்கொள்ளத் துருக்கியருக்குப் போதுமானதாக இருந்தது.

தீபகற்பத்தின் தென்முனையான ஹெல்லஸில் பிரிட்டிஷ் படை இறங்கியது. அதற்கு வடக்கே, மேற்குக் கரையிலிருந்த சிறிய விரிகுடா ஒன்றில் அன்சாக் படை இறங்கியது. மணற்பரப்பைத் தாண்டியதும் அங்கே செங்குத்தான மேடும் புதர் மண்டிய பள்ளத்தாக்குகளும்தான். மேட்டில் நின்றவர்களுக்குக் கீழே இருந்தவர்கள் எளிய இலக்கானார்கள். உயரமான முகடுகளை அன்சாக் வீரர்கள் பிடித்துவிடாமல் தடுத்ததில் 19-ஆம் டிவிஷன் தளபதி முஸ்தபா கெமாலுக்குப் பெரும் பங்கு உண்டு. மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் அவர் தம் 57-ஆம் ரெஜிமெண்டை முகட்டை நோக்கி விரைந்து நடத்தினார். பின்னாளில் துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் இவரே. முதல் நாளிலேயே அன்சாக் பக்கம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தோ காயம்பட்டோ விழுந்தனர். திரும்பிப் போகலாமா என்று கேட்ட களத் தளபதிகளுக்கு, பள்ளம் தோண்டி அங்கேயே நிலைகொள்ளுமாறு தலைமைத் தளபதி இயான் ஹாமில்டனிடமிருந்து பதில் வந்தது.

அதன்பின் இரு தரப்பும் பதுங்குகுழிகளில் முடங்கின. சில இடங்களில் குழிகளுக்கு இடையே இருந்த தூரம் சில கெஜம்தான். மே 19-இல் துருக்கியர் நடத்திய பெருந்தாக்குதலில் அவர்கள் பக்கம் மட்டும் சுமார் 3,000 பேர் மாண்டனர். பிணங்களின் நாற்றம் தாங்க முடியாமல் போகவே, மே 24 அன்று சில மணி நேரப் போர்நிறுத்தம் செய்துகொண்டு இரு தரப்பினரும் அருகருகே நின்று தத்தம் மாண்டோரைப் புதைத்தனர். ஆகஸ்ட் மாதத்தில் பிரிட்டிஷ், அன்சாக் படைகள் நடத்திய பெரிய தாக்குதலும் தோற்றது.

இந்தப் போரில் சரியாக நடந்தேறியது வெளியேற்றம் ஒன்றுதான் என்று சொல்லலாம். டிசம்பரில் இரவிரவாக வீரர்கள் கப்பலேற்றப்பட்டனர். ஆளில்லாத குழிகளிலிருந்தும் துப்பாக்கிகள் வெடித்துக்கொண்டிருக்க ஓர் ஏற்பாடு இருந்தது: மேல் தகரடப்பாவிலிருந்து நீர் சொட்டுச்சொட்டாகக் கீழ் டப்பாவில் விழும். அது நிறைந்து கனத்ததும் அதோடு கட்டியிருந்த கயிறு துப்பாக்கி விசையை இழுக்கும். டிசம்பர் 20-க்குள் அன்சாக் பகுதியிலிருந்தும் அதற்கு வடக்கேயுள்ள சுவ்லாவிலிருந்தும், 1916 ஜனவரி 9-க்குள் ஹெல்லஸிலிருந்தும் படைகள் ஏறத்தாழ உயிர்ச்சேதமின்றி விலகின.

அதற்குள் இழந்த உயிர்கள் ஏராளம். ஆஸ்திரேலியர் 8,000-க்கும் மேல். நியூசிலாந்தினர் ஏறக்குறைய 2,800 பேர். அன்று சுமார் பத்து லட்சம் பேரே வாழ்ந்த நாட்டுக்கு இது பேரிழப்பு. துருக்கியர் தரப்பில் மாண்டவர்கள் 80,000-க்கும் மேல்.

ஓராண்டு முடிந்த 1916 ஏப்ரல் 25-இலேயே ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் லண்டனிலும் எகிப்துப் படைமுகாம்களிலும் நினைவு நிகழ்ச்சிகள் நடந்தன. 1920-களில் அது பொது விடுமுறையானது. விடியுமுன் கூடுவதுதான் இன்றும் முக்கியச் சடங்கு. இருட்டில் மக்கள் நினைவுத்தூணைச் சுற்றி நிற்பார்கள், பியூகிள் ஒலிக்கும், பிறகு மௌனம். ஆஸ்திரேலியர் பலர் கலிபோலி மேடுகளில் தானாக வளரும் ரோஸ்மேரிக் கொத்தைச் சட்டையில் குத்திக்கொள்கின்றனர். கலிபோலியில் போரிட்ட அன்சாக் வீரர்களில் கடைசியாக எஞ்சியிருந்த அலெக் கேம்ப்பெல் 2002-இல் தமது 103-ஆம் வயதில் காலமானார். ஆனாலும் விடியல் கூட்டங்கள் நின்றுவிடவில்லை.

துருக்கி மார்ச் 18-ஐக் கடற்போர் வெற்றி நாளாகவும் தியாகிகள் நாளாகவும் கொண்டாடுகிறது. ஏப்ரல் 25 விடியலில் துருக்கிய இளைஞர்கள் 57-ஆம் ரெஜிமெண்ட் சென்ற வழியே முகட்டை நோக்கி நடக்கிறார்கள். தன் மண்மீது படையெடுத்து வந்தவர்கள் இறங்கிய விரிகுடாவுக்கு 1985-இல் ‘அன்சாக்’ என்று அதிகாரப்பூர்வமாகப் பெயர் சூட்டிய நாடும் துருக்கிதான். பகைவனின் துக்கத்துக்கும் இடம் தந்த அந்தப் பெருந்தன்மைக்கு உலக வரலாற்றில் இணை காண்பது அரிது.

இந்தியர்களின் பங்கு மட்டும் நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை. ஏப்ரல் 25 முற்பகலில் அன்சாக் கரையில் முதன்முதலாக இறங்கிய பீரங்கிகள் இந்திய மலைப் பீரங்கிப் படையினுடையவை. பகுதி பகுதியாகக் கழற்றி கோவேறு கழுதைகள்மீது ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிச் சுடும் பீரங்கிகள் அவை. தண்ணீர், உணவு, தோட்டா எல்லாம் குழிகளைச் சென்றடைந்ததும் பெரும்பாலும் இந்தியக் கோவேறு கழுதைப் படையினரின் உழைப்பால்தான். ஜூன் 4 அன்று ஹெல்லஸில் 14-ஆம் சீக்கிய ரெஜிமெண்ட் ஒரே நாளில் பெரும்பகுதி வீரர்களை இழந்தது. கூர்க்கர்கள் ஆகஸ்ட் 9-இல் அன்சாக் பகுதிக்கு மேலுள்ள சாரி பயர் முகட்டையே எட்டினர். பல ஆயிரம் இந்தியர்கள் அங்கே பணியாற்றினர். அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை.

இன்று ஆஸ்திரேலிய நகரங்களின் அன்சாக் தின ஊர்வலங்களில் சீக்கியர்களும் அணிவகுக்கின்றனர். கலிபோலியில் மாண்ட இந்தியர் பலருக்குத் தனிக் கல்லறை கிடையாது. தென்முனையிலுள்ள ஹெல்லஸ் நினைவுத்தூணில் பொறிக்கப்பட்ட இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு இந்தியர் பெயர்களும் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து துருக்கி செல்வோர் அன்சாக் விரிகுடாவோடு திரும்பிவிடாமல் ஹெல்லஸுக்கும் போய்வர வேண்டும்.