குழந்தையின் ஜன்னியும் முதுகுநீர்ச் சோதனையும்

ஒரு வீட்டில் சிறு குழந்தைக்கு ஜன்னி கண்டுவிட்டால், அவ்வீடு சில நிமிஷங்களுக்குள் தன் நிதானத்தை இழந்துவிடுகின்றது. கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளக் காணும் தாய், பிள்ளை போயிற்று என்றே அலறுகிறாள். பாட்டி மாந்தம் என்கிறாள். அயலார் ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணிக்கின்றனர். ஒருவாறு ஆஸ்பத்திரியை அடைவதற்குள் வலிப்பு நின்றுவிடுகிறது. அப்போது வைத்தியர், “முதுகில் ஊசியிட்டு நீர் எடுத்துப் பார்க்கவேண்டும், கையெழுத்திடுங்கள்” என்பாராயின், தணிந்த அச்சம் இருமடங்காகத் திரும்புகிறது.

இச்சோதனை எப்போது வேண்டும், எப்போது வேண்டுவதில்லை என்பதை நம் கல்லூரி நண்பர்கள் அறிந்திருத்தல் நலமெனக் கருதி இதனை எழுதலானேன். இன்றைய மாணாக்கர் நாளைப் பெற்றோராவர். அன்றியும், ஓட்டப்பிடாரம் போன்ற ஊர்களில், கையெழுத்திடலாமா கூடாதா என்று வீட்டார் முதலிற் கேட்பது குடும்பத்தில் கல்லூரியில் வாசித்தவரையே. அவர் கூறும் ஒரு சொல் ஓர் உயிரின்மேல் நிற்கலாம்.

முதலாவது, ஜன்னியைப் பற்றிச் சிறிது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் கடுஞ்சுரத்தோடு வலிப்பு வருவதுண்டு. உடல் முழுவதும் இழுத்து, 15 நிமிஷத்திற்குட்பட்டு நின்று, ஒரு நாளைக்குள் மறுபடி வராததாயின் அதனைச் சாதாரணச் சுரவலிப்பு என்பர். பார்க்கப் பயங்கரமாயிருப்பினும் இது மூளையைக் கெடுப்பதன்று. ஏறக்குறைய மூவரில் ஒரு குழந்தைக்குப் பின்னொரு சுரத்தில் இது மீண்டும் வரக்கூடும். ஆயினும் பெரும்பாலோர் வளர வளர இதனை விட்டு நீங்குகின்றனர்.

ஆனால், சுரமும் வலிப்பும் சேர்ந்து வரும் வேறொரு நோயும் உண்டு. அதுவே மூளையைச் சூழ்ந்த சவ்வுகளைக் கிருமிகள் பற்றும் மூளைக்காய்ச்சல். கிருமிகளுள் பாக்டீரியா வகையால் வருவது மருந்தின்றி விடப்படின் பெரும்பாலும் உயிரைக் கொள்ளும். பிழைத்தாலும் செவிடு, கைகால் முடக்கம், அறிவுக்குறை முதலியவற்றை விட்டுச்செல்லும். முன்னதற்கும் பின்னதற்கும் முதல் ஒரு மணி நேரத்தில் வெளித்தோற்றம் ஒன்றுபோலவே இருத்தல்கூடும். ஆகவேதான் முதுகுநீர்ச் சோதனை என்ற பேச்சு எழுகின்றது.

இச்சோதனையை 1891-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துக் கீல் நகரில் குயிங்கே என்னும் வைத்தியர் வெளியிட்டார். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகை வில்போல் வளைத்து, இடுப்பு முள்ளெலும்புகளின் இடையே மெல்லிய ஊசியைச் செலுத்திச் சில துளிகள் நீர் எடுப்பர். அந்நீர் தெளிந்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா, அதில் வெள்ளணுக்கள் எத்தனை, சர்க்கரை எவ்வளவு, கிருமி உண்டா என ஆராய்வர்.

“முதுகில் ஊசி குத்தினால் பிள்ளை முடமாகும்” என்று நம் நாட்டிற் பலர் அஞ்சுகின்றனர். நரம்பு வடம் பெரியவர்களுக்கு இடுப்பின் முதலிரண்டு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடும். சிசுக்களுக்கு மூன்றாம் எலும்புவரை இறங்கியிருக்கலாம். ஊசி புகுவது அதற்கும் கீழே, நீர் மட்டும் தேங்கிய இடத்தில். எடுத்த நீர் சில மணி நேரத்தில் மீண்டும் ஊறிவிடும். வலியும், சில நாட்கள் முதுகுநோவும் உண்டு. இரத்தக்கசிவும் கிருமி புகுதலும் மிக அரியவை. எனினும், மூளையில் அழுத்தம் மிகுந்த அறிகுறி தோன்றினும், இரத்தவோட்டம் தளர்ந்திருப்பினும், குருதி உறையாத் தன்மை இருப்பினும், வைத்தியர் சோதனையை ஒத்திவைத்து மருந்தை மட்டும் உடனே தொடங்குவர். ஆதலின் இதனை விளையாட்டாகச் செய்வதுமில்லை.

அவ்வாறாயின் எவருக்கு இது வேண்டும்? இங்கே நம் கடற்கரையின் பழைய தொழிலொன்று நல்ல உவமையாகும். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்தவையே கடைசி முத்துக்குளிப்புகள். குளிப்பை அறிவிக்குமுன் பாரைப் பார்வையிட்டுச் சிப்பிகளின் வயதையும் திரளையும் கணிப்பர். தக்க பருவமென்று தோன்றினால் மட்டும், மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுத்து, முத்தை எண்ணி விலைமதிப்பர். சிப்பி இளசென்று கண்ணுக்கே தெரியுமாயின், அறுத்துப் பார்ப்பது வீண். வைத்தியத்திலும் விதி இதுவே: முதலில் கண்ணாலும் கையாலும் பார்த்து, ஐயம் தீராதபோது, அதன் விடை செய்கையை மாற்றுமாயின் மட்டுமே ஊசியை எடுத்தல்.

வலிப்பு நின்றபின் குழந்தை விழித்து, தாயை அறிந்து, பால் குடித்து, சிரிக்குமாயின் சோதனை பெரும்பாலும் வேண்டுவதில்லை. கழுத்து விறைப்பு, தெளியாத மயக்கம், ஓயாத வாந்தி, உச்சிக்குழிப் புடைப்பு, உடலில் செந்நிறப் புள்ளிகள் ஆகியவற்றுள் எது காணினும் சோதனை வேண்டும். ஓராண்டு நிரம்பாத சிசுக்களுக்கு இவ்வறிகுறிகள் தோன்றாமலே நோய் இருக்கக்கூடுமாதலால், அவர்கள்மாட்டு எச்சரிக்கை மிகுதியும் தேவை.

முன்னாளில் அத்தகைய சிசுக்களுக்கெல்லாம் இதனைச் செய்வதே நன்றென்றிருந்தனர். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 1996-இல் அவ்வாறே அறிவுறுத்தி, 2011-இல் அதனைத் தளர்த்தியது. காரணம் தடுப்பூசி. மூளைக்காய்ச்சலை விளைவிப்பவற்றுள் முதன்மையான ஹிப் கிருமியும் நிமோகாக்கஸ் கிருமியும் தடுப்பூசி பெற்ற குழந்தைகளிடம் அருகிவிட்டன. இந்தியாவில் ஹிப்பையும் அடக்கிய ஐந்துநோய்த் தடுப்பூசியை அரசாங்கம் 2011 டிசம்பரில் முதன்முதலாகத் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமே. நிமோகாக்கஸ் தடுப்பூசி நம் மாகாணத்திற்கு 2021-இல் வந்தது. ஆகவே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6, 10, 14-ஆம் வாரங்களில் குறிக்கப்படும் அச்சிறு அட்டை, பிற்காலத்தில் ஒரு குழந்தையை ஊசியினின்றே காக்க வல்லது. அட்டை இல்லையேல் வைத்தியர் ஐயுறுவது நியாயமே.

இன்னொன்று: வைத்தியசாலைக்கு வருமுன் மருந்துக்கடையில் வாங்கிய கிருமிக்கொல்லி மருந்து கொடுத்திருப்பின், அது நோயைத் தீர்க்காமல் அறிகுறிகளை மட்டும் மறைத்துவிடும். அதனைச் சொல்லாது மறைப்பது வைத்தியர் கண்ணைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

க்ஷயமும் நம் நாட்டை இன்னும் விட்டபாடில்லை. பிறந்தவுடன் இடப்படும் பி.சி.ஜி. ஊசி, குழந்தைகளுக்கு வரும் க்ஷய மூளைக்காய்ச்சலைப் பெரும்பான்மை தடுப்பினும் முற்றும் தடுப்பதன்று. வீட்டில் ஒருவர் க்ஷயத்தால் இருமிக்கொண்டிருக்க, குழந்தை வாரக்கணக்காகச் சுரங்கொண்டு மெலிந்து, சிடுசிடுத்து, பின் மயங்குமாயின், முதுகுநீர்ச் சோதனையை மறுப்பது பெரும் பிழையாகும். ஓராண்டளவு கொடுக்கவேண்டிய மருந்தை எந்த ஆதாரத்தின்மேல் தொடங்குவது? நாள் தள்ளத்தள்ள மீளாத கேடு பெருகும்.

ஆகவே, கையெழுத்துக் கேட்கப்பட்டால் பெற்றோர் செய்யவேண்டியது உடனே மறுப்பதுமன்று, வாய்மூடி இசைவதுமன்று. மூன்று கேள்விகளை மரியாதையுடன் கேட்கலாம்: “ஐயா, எந்த அறிகுறியைக் கண்டு ஐயுறுகிறீர்கள்? விடையைக்கொண்டு மருந்து எவ்வாறு மாறும்? சில மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கேடு வருமா?” நல்ல வைத்தியர் இவற்றிற்குச் சினப்பதில்லை. காத்திருத்தல் கூடாது என்பாராயின், அப்போது தயங்குதல் அன்பாகாது.

வலிப்பு வந்தவுடன் செய்யத்தக்கதையும் கூறி முடிக்கிறேன். குழந்தையை ஒருக்களித்துக் கிடத்துங்கள், வாயில் எதையும் திணியாதீர்கள், சூடு இடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் கடந்தும் நிற்கவில்லையேல் 108 வண்டியை அழையுங்கள். நின்றுவிட்டாலும் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். போகும்போது தடுப்பூசி அட்டையையும் கொடுத்த மருந்தின் சீட்டையும் மறவாது எடுத்துச்செல்லுங்கள். அவ்விரண்டு காகிதங்களையும் கண்டபின்பே, ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை வைத்தியர் செவ்வையாகத் தீர்மானிக்க இயலும்.