குழந்தைக்கு மருத்துவ உதவி அளிக்கும் கடமை: இங்கிலாந்துச் சட்டம்

இங்கிலாந்திலும் வேல்சிலும் 16 வயது நிரம்பாத குழந்தைக்குத் தேவையான மருத்துவ உதவியைப் பெற்றுத் தருவது பெற்றோரின் சட்டக் கடமை ஆகும். உணவு, உடை, உறைவிடம், மருத்துவ உதவி ஆகியவற்றைப் போதிய அளவில் தரத் தவறுவதைப் புறக்கணிப்பு என்று 1933ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் சட்டத்தின் முதல் பிரிவு கொள்கிறது. கையில் பணமில்லை என்பது மட்டும் தப்பிக்க வழியாகாது. தம்மால் முடியாதபோது வேறு வழியில் உதவி பெற முயலாமல் இருப்பதும் புறக்கணிப்பே. பிறர் தலையிட்டுக் குழந்தையைக் காப்பாற்றிவிட்டாலும் குற்றம் நீங்காது. இதற்கான உச்சத் தண்டனை 2022இல் 10 ஆண்டுச் சிறையிலிருந்து 14 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது.

இக்கடமை வேரூன்றியதற்குப் பின்னால் எசெக்சு பகுதியில் தோன்றிய 'பெக்யூலியர் பீப்பிள்' என்ற சிறு கிறித்தவப் பிரிவினரின் வழக்குகள் உள்ளன. நோயுற்றவருக்கு எண்ணெய் பூசி செபிக்கவேண்டும் என்ற யாக்கோபு நிருபத்தின் வாசகத்தை அப்படியே ஏற்ற இவர்கள் மருத்துவரை அழைப்பதில்லை. 1868இல் நுரையீரல் அழற்சியால் இறந்த ஒரு குழந்தையின் பெற்றோர், மனமார நம்பியே அவ்வாறு நடந்தனர் என்பதால் கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல் என்ற குற்றச்சாட்டிலிருந்து விடுதலை பெற்றனர். அதே ஆண்டில் வந்த ஏழையர் சட்டத் திருத்தம் மருத்துவ உதவி தராததைக் குற்றமாக்கியது. 1875இல் இப்பிரிவைச் சேர்ந்த இன்னொரு தந்தையின் தண்டனையை நீதிமன்றம் உறுதிசெய்தது. பின்னர் வந்த சீனியர் வழக்கிலும் முடிவு அதுவே. அந்தத் தந்தை மற்ற எல்லா வகையிலும் குழந்தையை நன்றாகவே கவனித்தவர். ஆனால் நல்ல நோக்கம் அவரைக் காக்கவில்லை.

நம்பிக்கை விலக்கு ஆகாது என்றால் அறியாமை? இக்கேள்விக்கு 1980இல் பிரபுக்கள் அவை ஷெப்பர்ட் வழக்கில் விடை தந்தது. 16 மாதக் குழந்தை ஒன்று ஊட்டக்குறைவாலும் குளிராலும் இறந்திருந்தது. பெற்றோர் இளையோர், வறியவர், கல்வியறிவும் விவரமும் குறைந்தவர். நோயின் கடுமை தமக்குப் புரியவில்லை என்றனர். குழந்தைக்கு மருத்துவம் தேவை என்று தெரிந்திருக்கவேண்டும், அல்லது தேவையா என்று கவலைப்படாமல் இருந்திருக்கவேண்டும். அப்போதுதான் அது வேண்டுமென்றே செய்த புறக்கணிப்பு என்று கூறி, மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அவை தண்டனையை நீக்கியது. கடுமையான சட்டத்திற்கு இது தேவையான கடிவாளம் என்றே சொல்லவேண்டும்.

பல் சிகிச்சையில் இந்த வேறுபாடு நன்கு விளங்கும். சட்டத்தில் பல் என்ற சொல் தனியே இல்லை. மருத்துவ உதவி என்பதற்குள்ளேயே அது அடங்குகிறது. 'பால்பல்தானே, விழத்தானே போகிறது' என்று விடப்படும் சொத்தை, சீழ்க்கட்டி, உறக்கமின்மை, சாப்பிட முடியாமை என்று வளரக்கூடும். இங்கிலாந்தில் 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கு மிகப் பரவலான காரணம் பற்சொத்தைதான். 18 வயதுக்குட்பட்டோருக்குத் தேசிய நலச் சேவையில் பல் சிகிச்சை இலவசம் என்பதால் செலவைக் காரணம் காட்டுவதும் கடினம். ஆனால் இடம் கிடைக்காத ஊர்கள் உண்டு.

சொத்தை இருப்பதே குற்றமாகாது. பாதிப்பையும் சிகிச்சையையும் மருத்துவர் விளக்கிய பிறகும், வாய்ப்பிருந்தும் பெற்றோர் தொடர்ந்து தவிர்த்தால்தான் அது புறக்கணிப்பாகக் கருதப்படுகிறது. குறித்த நாளில் குழந்தை வராவிட்டால், 'வரவில்லை' என்பதற்குப் பதில் 'அழைத்து வரப்படவில்லை' என்று குறிக்கும் வழக்கம் அங்குள்ள பல் மருத்துவர்களிடையே பரவியுள்ளது.