நாணலை மிதித்தே தரை செய்த ஊர்!

யூப்ரடீஸ் கரையில், காலூன்ற மண்ணே இல்லாத இடத்தில் ஓர் ஊர் எழுந்தது தெரியுமா? தெற்கு ஈராக்கில், நாசிரியாவுக்கும் பஸ்ராவுக்கும் நடுவே, சதுப்புக்குள் இருக்கிறது சிபாயிஷ். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரும் நாணலும்தான். மனை வேண்டுமா? நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும்!

தண்ணீருக்குள் நாணலை ஊன்றி வேலி கட்டுவார்கள். உள்ளே கட்டுக் கட்டாக நாணலைப் போட்டு மிதிமிதியென்று மிதிப்பார்கள். குவியல் நீருக்கு மேலே வந்ததும் வேலியை ஒடித்து உள்பக்கம் மடக்கி, மேலும் நாணல், அதன்மேல் சேறு. தீவு தயார்! வீடு, அடுப்பு, எருமை எல்லாம் அதன்மேல்தான். அமுங்க அமுங்கப் புது நாணல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

விருந்தாளிகளை உட்காரவைக்கும் ‘முதீஃப்’ கூடம் அதைவிட ஆச்சரியம்! ஆணி கிடையாது, செங்கல் கிடையாது. பருத்த நாணல் கட்டுகளை எதிரெதிரே ஊன்றி, வளைத்து, உச்சியில் பிணைத்துவிட்டால் கூரைக்கான வளைவு வந்துவிடும். ஏறக்குறைய 5,000 ஆண்டுக்கு முந்தைய சுமேரியக் கல்தொட்டி ஒன்றில் இப்படியொரு நாணல் குடிலைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இன்றும் பார்க்கலாம்!

1977இல் கோரைப் படகு கட்ட இங்கே வந்தார் நார்வே நாட்டு ஆய்வுப் பயணி தோர் ஹெயர்டால். ஆகஸ்டில் அறுத்த கோரைதான் நீரை உறிஞ்சாமல் மிதக்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்தச் சதுப்பு மக்கள்தாம். அந்தப் படகு பாகிஸ்தான் கரையைத் தொட்டு, ஜிபூட்டி வரை போனது!

இப்படிப்பட்ட சதுப்பையே காயவைத்துவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? 1991இல் அரசை எதிர்த்துக் கிளர்ந்தவர்கள் இந்த நாணலுக்குள் பதுங்கினார்கள். அவர்களை விரட்ட, சதாம் உசேன் அரசு கரைகள் எழுப்பி, கால்வாய்கள் வெட்டி, ஆற்றையே திருப்பிவிட்டது. 2000 வாக்கில் சதுப்பில் சுமார் 90% பாலைவனம். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுப் போனார்கள்.

2003இல் ஆட்சி கவிழ்ந்ததும், எந்த உத்தரவுக்கும் காத்திராமல் மக்களே கரைகளை உடைத்தார்கள்! தண்ணீர் பாய்ந்தது, நாணல் துளிர்த்தது, எருமைகள் திரும்பின. முழுச் சதுப்பும் மீளவில்லை. வறட்சியும் ஆற்றின் மேல்பகுதியில் எழுந்த அணைகளும் இன்னும் வாட்டுகின்றன. ஆனாலும் 2016இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொன்று தெரியுமா? அங்குள்ள நீர்நாயும் நம் காவிரியில் மீன் பிடிக்கும் நீர்நாயும் ஒரே இனம்! அங்கிருப்பது தனிக் கிளையினம். சதுப்போடு சேர்ந்து அதுவும் அழிந்திருக்கும் என்று பயந்தார்கள். தண்ணீர் திரும்பிய பின் தேடிப் போனவர்களுக்கு, அது உயிரோடு இருப்பதற்கான சான்று கிடைத்துவிட்டது!