உங்களுக்குத் தெரியுமா? 214 கோடியில் ஓர் அதிசய எண்

இந்த வார எண்: 214,74,83,647

● 31 இரண்டுகளைப் பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இந்த எண். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால், 31 கட்டங்களில் சேரும் நெல்மணிகளின் மொத்தக் கணக்கும் இதுதான். பலகையில் பாதிகூட நிறைந்திருக்காது!

● இது ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. 1644-ல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் இதைப் பகா எண்கள் பட்டியலில் சேர்த்தார். அந்தப் பட்டியலில் சில பிழைகள் பின்னாளில் தெரியவந்தன. இந்த எண்ணோ அசையவில்லை.

● இது பகா எண்தான் என்பதை 1772-ல் நிரூபித்துக் காட்டியவர் கணித மேதை ஆய்லர். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது. இந்த எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரையுள்ள பகா எண்கள் நாலாயிரத்துக்கும் மேல்; எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பது பெரும்பாடு. இந்த எண்ணுக்கு வகுத்தி என்று ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று கண்டுகொண்டார் ஆய்லர். அந்தச் சல்லடையில் முதலில் நிற்பது 311, அடுத்தது 1,303. இப்படி மொத்தம் 84 பகா எண்களைச் சோதித்தாலே போதும் என்றானது. ஒன்றுகூட வகுக்கவில்லை!

● அதன்பின் பல பத்தாண்டுகள் மனிதர் அறிந்த மிகப் பெரிய பகா எண் இதுவே.

● 6-ஐத் தவிர்த்து அதன் மற்ற வகுத்திகளான 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் மறுபடி 6. இப்படிப்பட்டவை நிறைவெண்கள். நம் எண்ணை 30 இரண்டுகளின் பெருக்கலால் பெருக்கினால் 19 இலக்க நிறைவெண் ஒன்று பிறக்கிறது: 2305843008139952128. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனற்ற வெறும் வேடிக்கைக்காக யார் மெனக்கெடுவார்கள் என்று 1811-ல் எழுதினார் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ. 1876-லேயே லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் 39 இலக்கப் பகா எண்ணைக் கண்டு, அதன்வழி இன்னும் பெரிய நிறைவெண்ணுக்கும் வழி திறந்துவிட்டார்.

● பயனற்றது என்ற பேச்சும் பொய்த்தது. 32 பிட் கணினிக் கணக்கில் குறியுடன் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுதான். 2014-ல் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வைக் கணக்கு இந்த வரம்பை நெருங்கியபோது, யூடியூப் 64 பிட் கணக்குக்கு மாற வேண்டியிருந்தது.

● யுனிக்ஸ் வகைக் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி நேரம் காட்டுகின்றன. 32 பிட்டில் எண்ணும் பழைய கருவிகளில் இந்த எண் வந்து சேரும் நேரம்: 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியில் அவை 1901 டிசம்பருக்குத் தாவிவிடும். 64 பிட்டுக்கு மாறிய கருவிகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றின் கணக்கு 29,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல் தாங்கும்.