தறியில் இருப்பவருக்குச் சர்க்கரை வியாதி வந்தால்...

கல்யாணம் என்றாலே நமக்கெல்லாம் காஞ்சிப் பட்டு நினைவுதான். கரை வேறு, உடல் வேறாக நெய்து கோர்க்கும் கோர்வைப் புடவைக்கு எத்தனை மதிப்பு! அதை நெய்கிற வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்ததுண்டா, சகோதரிகளே?

டாக்டர் சொல்வது எல்லோருக்கும் ஒன்றுதான். வேளைக்குச் சாப்பாடு, தவறாமல் மாத்திரை, தினமும் நடை. ஆனால் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் கூலி நாளுக்கு அல்ல, புடவைக்கு! அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான். போய் வரும் நேரம் இலவசமா? அரைநாள் வரிசையில் நின்றால் அரைநாள் நெசவு போயிற்று. மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் வேலையே நின்றுவிடும். "உடம்பு நல்லாத்தானே இருக்கு, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுவது அலட்சியத்தால் மட்டுமல்ல, கஷ்டத்தாலும்தான்.

பெண்கள் பாடு இன்னும் மோசம். தார் சுற்றி, கோர்வைக்குத் துணை உட்கார்ந்து, சமைத்துப் போட்டு, கடைசியில்தான் சாப்பாடு. சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, படபடப்பு, மயக்கம் வரும். உடனே ஒரு கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கையில் காசு இல்லாவிட்டாலும் செய்யக்கூடியவை சில:

* கால்: இந்த வியாதியில் பாதம் மரத்துப் போகலாம். வெறுங்காலால் மிதி மிதிப்பவருக்குக் காயம் பட்டதே தெரியாது. தினமும் இரவில் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது.

* சாப்பாடு: ரேஷன் அரிசியை அறவே விட வேண்டாம். சோற்றைக் குறைத்து, கீரை, கொத்தவரை, சுண்டலைக் கூட்டுங்கள்.

* இன்சுலின்: ஃப்ரிட்ஜ் இல்லையா? மருந்தை ஈரம் புகாத டப்பாவில் மூடி, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் நிழலில் வையுங்கள்.

* மருந்து: தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

"மாத்திரை போட்டியா?" என்று அதட்டுவதைவிட, வேளைக்கு இரண்டு இட்லியும் மாத்திரையும் தறியருகே கொண்டு வைப்பது மேல். வியாதி ஒருவருக்கு; கவனிப்பு வீட்டில் எல்லோருக்கும் பொது.